மருமகனுக்கு நடைவண்டி: ஊரிலிருந்தா, கடையிலிருந்தா, பட்டறையிலிருந்தா?

தங்கச்சி மகனுக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது. தங்கக் காப்பு அம்மா பொறுப்பு. தாய்மாமன் என்ற முறையில் என் பங்குக்கு மரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன அன்றைக்கே வீட்டில் ஆளுக்கொரு கட்சி. "நடைவண்டி வாங்குடா. உன் மாமா வாங்கிக் குடுத்த வண்டியைப் பிடிச்சுத்தான் நீயே நடந்தே" என்றார் அம்மா. மனைவி பேரங்காடியில் பார்த்துவைத்த தாய்லாந்து அடுக்கு வளையத்தின் படத்தைக் காட்டினாள். தங்கச்சி ஃபோனில், "அண்ணே, செங்காங் வீட்டுல இப்பவே நடக்க இடமில்ல. எதுவா இருந்தாலும் சின்னதா வாங்குங்க" என்றாள். ஒன்பது வயது மகள்தான் செலவில்லாத வழி சொன்னாள்: தன் பழைய சொப்புப் பெட்டியை அப்படியே கொடுத்துவிடலாமாம்.

மூன்று வாரம் சிங்கப்பூரில் தேக்கா, பேரங்காடி, இணையக் கடை, சுங்கை காடுட் என்று அலைந்தேன். மர பொம்மை வாங்கப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். சொப்புச் சாமானைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவன். ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். அங்கே கடைசல் பட்டறைகளில் மரம் சுழலும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன். அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம் என ஒரு சமையலறை முழுவதும் ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மகளுக்கு நான்கு வயதில் அதை வாங்கி வந்தபோது அவளைவிட நான்தான் அதிகம் விளையாடினேன். இந்த முறையும் ஊருக்குப் போகும் சித்தப்பாவிடம் சொல்லியனுப்பத் தயாராகிவிட்டேன். அப்புறம்தான் மகளின் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

உலக்கை என் சுண்டுவிரல் நீளம். அம்மிக் குழவி புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. திருகையின் மேல்கல்லில் செருகியிருந்த கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்கு இது எதுவும் விளையாட்டுச் சாமான் இல்லை, தீனி. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சரி, ஒரு துண்டு அதற்குள் முழுதாக அடங்கிவிட்டால் அது மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது. வீட்டில் அந்த உருளைக்கு எங்கே போவது? டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயே போதும். அதன் வாய் கொஞ்சம் அகலம் என்பதால் சோதனை இன்னும் கண்டிப்பாகவே அமையும். மகளின் பெட்டியிலிருந்த சாமான்களில் குடமும் உரலும் தவிர அத்தனையும் குழாய்க்குள் போய்விட்டன.

ஆக, சொப்பு இப்போது வேண்டாம், மூன்று வயது முடியட்டும். அம்மாவுக்கு இதில் வருத்தம்தான். "நீங்கள்லாம் அதை வாயில வெச்சு வளரலியா?" என்றார். வைத்திருப்போம். யார் யார் விழுங்கினோம் என்று கணக்கு வைத்தவர் யார்?

அடுத்தது அம்மாவின் நடைவண்டி. மூன்று சக்கரம், நிமிர்ந்த சட்டம், மேலே ஒரு குறுக்குக் கட்டை. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளி நடக்கும். துணித் தொட்டிலில் உட்கார வைத்துக் கால் தரையில் பாவாமல் உருளவிடும் பிளாஸ்டிக் வாக்கரோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. அந்த வாக்கரைக் கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நிற்கிறது, அதுவரைக்கும் அம்மா சொன்னது சரி.

ஆனால் தேக்கா பக்கம் ஒரு கடையில் தொங்கிய நடைவண்டியை இறக்கித் தரச் சொல்லி, கடையின் டைல்ஸ் தரையில் வைத்து ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போய் அரிசி மூட்டையில் இடித்து நின்றது. எடை ஒன்றரைக் கிலோகூட இருக்காது. சக்கரம் மழமழவென்ற மரம். அந்த வண்டி மண் முற்றத்துக்கும் சாணி மெழுகிய தரைக்கும் செய்தது. அங்கே தரையே பிரேக் பிடிக்கும். வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் பிரேக் பிடிக்க ஒன்றும் கிடையாது. வண்டி முன்னால் ஓடும், பிள்ளை குப்புற விழும். இதைச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தார். "சக்கரத்துல சைக்கிள் டியூபை வெட்டிச் சுத்தி ஆணி அடிச்சிருங்க தம்பி, எல்லாரும் அதான் செய்றாங்க." டியூப் நல்ல யோசனை. ஆணிதான் வேண்டாம்.

அரக்குச் சாமானுக்கு வருகிறேன். கர்நாடகத்தில் பெங்களூரு மைசூரு சாலையில் இருக்கிற சென்னபட்டணாவும், ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்காவும் இதற்குப் பேர்போன ஊர்கள். இரண்டு ஊர்ச் சாமானுக்கும் புவிசார் குறியீடு உண்டு. மரமும் ஒன்றுதான், நம் ஊரில் வெட்பாலை என்போமே அது. வெள்ளையாக, மெதுவாக இருக்கும். உளிக்குச் சொன்னபடி கேட்கும். கடைசலில் மரம் சுழலும்போதே வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படரும். அப்புறம் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்கும். தூரிகை கிடையாது, பெயின்ட் காயும் வரை காத்திருப்பதும் கிடையாது. மஞ்சளுக்கு மஞ்சள்தூள், நீலத்துக்கு அவுரி என்று செடிச் சாயத்தில் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. எல்லாருமே அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம், கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார் என்பதுதான் சின்னக் குடும்பப் பட்டறையில் வாங்குவதன் பெரிய லாபம். வாட்ஸ்அப்பில் சாயம் பற்றிக் கேட்டதற்கு ஒருவர் தன் பட்டறையின் சாயக் கிண்ணங்களையே படமெடுத்து அனுப்பினார். இன்னொருவர் கட்டைவிரல் படம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். நான் யாரிடம் வாங்கியிருப்பேன் என்று சொல்லவா வேண்டும்?

இந்த ஊருக்கு வந்துவிட்ட அரக்குச் சாமானைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். 2020-ல் கிருமி பயத்தில் வீட்டில் எல்லாவற்றையும் சானிட்டைசர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். மகளின் அரக்குக் கிலுகிலுப்பையையும் துடைத்தேன். டிஷ்யூ சிவப்பானது. இன்னொரு தடவை துடைத்தேன். கைப்பிடி பசைபோலப் பிசுபிசுத்து டிஷ்யூ அதில் ஒட்டிக்கொண்டது, பிய்த்தால் நூல் நூலாக வந்தது. மோசமான சாயத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவரை நான்கு நாள் திட்டினேன். தப்பு என்னுடையது. அரக்கு சாராயத்தில் கரையும். ஆசாரிகள் மேசை நாற்காலிக்குப் போடும் பாலிஷே அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் செய்வதுதானே! அரக்குச் சாமானை ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். சானிட்டைசர், வெந்நீர், வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி ஓரம், இந்த மூன்றும் ஆகாது.

கொண்டுவருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூரர் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை பொருள்களை ஜிஎஸ்டி இல்லாமல் கொண்டுவரலாம். ஒர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இணையத்தில் வாங்கினால் 400 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கும், விற்பவர் இங்கே ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்தால், 2023 முதல் வரி உண்டு. இப்போது 9 விழுக்காடு. ஊரில் செம்மரத்தில் செய்த மரப்பாச்சி பொம்மை கிடைக்கும். சப்பினால் பிள்ளைக்கு நல்லது என்று நம் பாட்டிமார் நம்பிய பொம்மை அது. செம்மரத்தை இந்தியாவிலிருந்து வெளியே எடுப்பதில் கெடுபிடி அதிகம் என்பதால் அதை நான் யாரிடமும் சொல்லியனுப்புவதில்லை.

இணையத்தில் இருபது வெள்ளிக்கு நூறு துண்டு என்று வருகிறதே, அதை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். இரண்டு வருஷம் முன்னால் ஒன்று வரவழைத்தேன். பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. வண்டிச் சக்கரத்தில் ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்தால் பச்சை ஒட்டிக்கொண்டு வந்தது, இதற்குச் சானிட்டைசர்கூடத் தேவைப்படவில்லை. யார் செய்தது என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லை.

இந்த இடத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். கேத்தல், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு முத்திரையைப் பார்த்துப் பழகிய நாம் பொம்மையிலும் அதைத் தேடுவோம். பொம்மைக்கு அந்த முத்திரை கிடையாது. சிங்கப்பூரில் 2011-ல் வந்த நுகர்பொருள் பாதுகாப்பு விதிகளின்படி, பொம்மை ஐஎஸ்ஓ 8124, ஐரோப்பாவின் இஎன் 71, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்963 போன்ற தரங்களில் ஒன்றுக்குப் பொருந்த வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது விற்பவரின் பொறுப்பு. அரசு கண்காணிக்கும், ஆனால் கடைக்கு வருமுன் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுப்பதில்லை. இந்தியாவில் 2021 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அங்கேயும் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. அதனால் கைவினைச் சாமானில் முத்திரை இல்லையென்றால் அது மட்டமான சாமான் என்று அர்த்தமில்லை. நாமே இழுத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஐரோப்பியச் சாமானில் கை வைத்தாலே தரம் தெரியும். மூலைகள் மழுங்கியிருக்கும், சக்கரம் சத்தமில்லாமல் உருளும். சில தள்ளுவண்டிகளில் சக்கரம் எவ்வளவு இறுக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதைத் திருகி வைத்துக்கொள்ளலாம்; நடைவண்டியில் நான் தேடிய பிரேக் அதுதான். ஸ்வீடனின் பிரியோ 1884-ல் தொடங்கிய நிறுவனம். அதன் மர ரயில் 1958 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் கட்டைக்குப் பேர்போன லெகோவே 1932-ல் டென்மார்க்கில் ஒரு தச்சர் மர பொம்மை செய்த பட்டறையில் பிறந்ததுதான். 1960-ல் கிடங்கு எரிந்த பிறகு மரத்தை விட்டுவிட்டார்கள்.

ஜெர்மனியில் ஸைஃபன் என்ற மலை ஊரில் ஒரு வித்தை இன்னும் இருக்கிறது. ஈர மரத்தை வளையமாகக் கடைவார்கள். வெளியே பார்த்தால் வெறும் வளையம், ஏதோ பெரிய முறுக்கு. அதைக் குறுக்கே பிளந்தால் வெட்டு முகத்தில் மாடு தெரியும். அதிரசத்தைத் துண்டு போடுவதுபோல் ஒரே வளையத்திலிருந்து டஜன் கணக்கில் மாடு பிறக்கும். நம் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர் பார்த்தால் மூக்கில் விரல் வைப்பார். அந்த மாடுகள் அலமாரிக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.

ஐரோப்பியச் சாமானில் எனக்கு இரண்டு மனக்குறை. விலை: நான் பார்த்த தள்ளுவண்டி 130 வெள்ளி, பெட்டியைத் திருப்பினால் சீனாவில் தயாரிப்பு. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் ஐரோப்பியப் பட்டறைக்காகத்தான் இந்த விலை என்று எண்ணிக் கொடுப்பவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்க்கட்டும். இரண்டாவது குறை, மரம். இவர்கள் பயன்படுத்தும் பீச் (beech) மரம் ஈரத்தைக் குடித்தால் பருக்கும். பகலெல்லாம் சன்னலைத் திறந்து வைத்து, ராத்திரி ஏர்கான் போடும் வீட்டில் அது தினமும் ஊதிச் சுருங்கும். நண்பர் வீட்டில் ரயில் தண்டவாளத்தின் பூட்டுகள் மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு, பிள்ளை அழ அழ அப்பா இடுக்கி வைத்துப் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மனைவி சொன்ன தாய்லாந்துச் சாமான் பால்மரம், கித்தா மரம் என்கிற ரப்பர் மரத்தில் செய்தது. இதைக் கையில் எடுத்ததும் எனக்கு வேறு ஞாபகம். தாத்தா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிய கதைகளை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு, அதாவது இங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு, வந்தது 1877-ல். மரத்தைக் கொல்லாமல் மறுபடி மறுபடி சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கே பரீட்சித்துக் காட்டியவர் அந்தப் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி. நம் ஆட்கள் கப்பலேறி வந்ததில் ஒரு பங்கு அந்தச் சீவலுக்காகத்தான். சுமார் 25 வருஷத்தில் மரத்தில் பால் வற்றிவிடும். முன்பெல்லாம் வெட்டி எரிப்பார்கள், விறகாக்குவார்கள். இப்போது மேசையாகிறது, பொம்மையாகிறது. தாய்லாந்தின் திராங் மாநிலத்தில் 1981-ல் தொடங்கிய பிளான் டாய்ஸ் இதைத்தான் செய்கிறது. அது பெரிய தொழிற்சாலை, குடும்பப் பட்டறை இல்லை. ஆனால் வேலை நேர்த்தி. பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டியவுடன் நீலப் பூஞ்சையும் துளைப்பூச்சியும் ஏறிவிடும். சூளையில் சரியாக உலர்த்தாத மட்டச் சாமானில் ஊசி முனை அளவு துளையும் கீழே மாவுபோலத் தூளும் தெரிந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். அடுக்கு வளையம் 32 வெள்ளி. ஒவ்வொரு வளையமும் என் உள்ளங்கை அகலம், டாய்லெட் குழாய்க்குள் எதுவும் போகவில்லை. வாயில் வைக்கிற வயசுக்கு, கையில் காசு அளவாக இருந்தால், யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் கதை முடிந்ததே? முடியவில்லை, அம்மாவின் நடைவண்டி தொண்டையில் சிக்கிக்கொண்டே இருந்தது.

சுங்கை காடுட்டில் மரக்கடைகளுக்கு நடுவே அப்பாவும் மகளுமாக நடத்தும் ஒரு பட்டறையைப் பற்றி அலுவலக நண்பர் சொன்னார். ஒரு சனிக்கிழமை போனேன். சாலையோரத்தில் வெட்டப்படும் தூங்குமூஞ்சி மரங்களை வாங்கி அறுத்து, ஆண்டுக்கணக்கில் அடுக்கி உலர்த்துகிறார்கள். இந்த ஊர்ச் சாலைகளுக்குக் குடை பிடிக்கும் மரம் அது. சாயங்காலத்தில் இலையை மூடிக்கொள்ளும் அந்தத் தூங்குமூஞ்சிக்கு உள்ளே இத்தனை அழகான காப்பி நிறம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இந்த ஊர்க் காற்றிலேயே வளர்ந்து, இந்த ஊர்க் காற்றிலேயே உலர்ந்த மரம். வேறு ஊரிலிருந்து வரும் மரம்போல இங்கே வந்து ஊதித் திரிய வேண்டிய அவசியம் அதற்குக் குறைவு.

மகள்தான் பேசினார். அவர்கள் சீனக் குடும்பம், நடைவண்டி என்றால் தெரியாது. அம்மா வரைந்து கொடுத்த படத்தை நீட்டினேன். படத்தை அப்பாவிடம் காட்டினார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பென்சிலால் இரண்டு மாற்றம் போட்டார். அடிச்சட்டத்தைத் தடிமனாக்கி எடையை நான்கு கிலோவுக்குக் கொண்டுபோனார். சக்கரத்தின் விளிம்பில் ஒரு பள்ளம் கடைந்து ரப்பர் வளையத்தை அதில் உட்கார வைப்பதாகச் சொன்னார், ஆணியே இல்லாமல். கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டும் கவலையும் அதோடு தீர்ந்தது. முன்சக்கரம் ஒன்று போதுமா என்று கேட்டார். ஊரில் ஒன்றுதான் என்றேன். டைல்ஸில் கவிழும், இரண்டு போடுகிறேன் என்றார். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

மேற்பூச்சுக்கு எண்ணெயும் தேன்மெழுகும். கீறல் விழுந்தால் நாமே கொஞ்சம் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம், சக்கரம் தேய்ந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றார் மகள். விலை 165 வெள்ளி. நான் மனதில் வைத்திருந்ததைப்போல இரண்டு மடங்கு. ஐந்து வாரம் ஆகும், அதாவது பிறந்தநாளுக்கு வண்டி வராது.

இந்த இடத்தில் யாருக்கும் தயக்கம் வரும், எனக்கும் வந்தது. நடைவண்டியின் ஆயுள் ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு. அதற்கு 165 வெள்ளியா? தங்கச்சிக்கு அடுத்த பிள்ளை, என் அண்ணன் வீட்டில் இனி வரப்போகும் பேரன் பேத்தி என்று நாலைந்து பேர் பிடித்து நடந்தால் கணக்கு சரியாகிவிடும். ஒரே பிள்ளையோடு நின்றுவிடும் வீட்டுக்கோ, இரண்டு வருஷத்தில் வேறு நாட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கோ இதை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் அடுக்கு வளையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது ஐரோப்பியத் தள்ளுவண்டியைக் கைமாற்றி வாங்கலாம். சமூக மன்றத்துப் பழைய சாமான் சந்தையில் பாதி விலைக்கே கிடைக்கிறது.

பிறந்தநாளன்று கையில் கொடுக்க அடுக்கு வளையம் வாங்கியாகிவிட்டது. நடைவண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. சித்தப்பாவிடம் சொப்புக்கும் சொல்லியனுப்பிவிட்டேன், அது மூன்று வயது வரை என் அலமாரியில் இருக்கும். யாருக்காக என்று மனைவி கேட்டாள், பதில் சொல்லவில்லை.

பட்டறையிலிருந்து கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டு, பிள்ளை நின்றால் முழங்கை எவ்வளவு உயரம் என்று கேட்டார். கைப்பிடிக் கட்டையை அந்த உயரத்துக்கு வைக்க வேண்டுமாம். அங்கிருந்தே தங்கச்சிக்கு அழைத்தேன். சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றவனை அவள் டேப்பால் அளக்க, அவன் டேப்பைப் பிடுங்கி வாயில் வைக்க, மூன்றாவது தடவையில்தான் அளவு கிடைத்தது: 43 சென்டிமீட்டர். பெரியவர் பலகையில் 43 என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை அடித்து 45 என்று எழுதினார். ஐந்து வாரத்தில் பையன் வளர்ந்துவிடுவானே.